மரகதவாணி வாய் திறப்பதில்லை

அடுப்பைக் குறைத்து வை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், ஒரு விநாடி ஆகுமா, அந்த ஒரு விநாடியில் ஒரு குடும்பம் இரண்டாகும் என்று பட்டுத் தெரிந்தவள் எப்படிச் சொல்வாள். தெய்வானை கையில் வெறும் சொம்போடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொம்பு எதற்கென்று அவளுக்கே தெரியாது. கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றால் வேவு பார்க்க வந்ததுபோல் இருக்குமே என்று வருகிற வழியில் எடுத்தது. உள்ளே சின்ன மருமகள் இந்துஜா, ஆபீஸிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல், காப்பிக்குப் பாலை ஏற்றிவிட்டு போனுக்குள் கண்ணை விட்டிருந்தாள். தீ முழுசாக எரிந்தது. பாத்திரத்தின் கழுத்துவரை பால். இவ்வளவு பாலை இவ்வளவு சின்னப் பாத்திரத்தில் ஊற்றுவார்களா, பக்கத்திலேயே பெரிய குண்டா கவிழ்த்துக் கிடக்கிறதே, சரி, அது அவள் பாடு, நமக்கென்ன. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தை, சாயந்தரம் வந்து உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள் இவள். பகல் முழுக்க தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்தரம் வந்தாயிற்று, இவளும் வந்தாயிற்று, பேச்சைத்தான் காணோம். என்ன பேசப்போகிறாள் என்பதும் தெய்வானைக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது கீழே அறை ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, காது இருந்தது, கேட்டது, அவ்வளவுதான். வீடு நல்லாத்தான் இருக்குது, அம்மாகிட்ட யாரு சொல்றது என்று சின்ன மகன் தரணி கேட்டான். நானே சொல்லிக்கிறேனுங்க என்று இவள் சொன்னாள். அதற்குப் பிறகு துணியை மடித்தாளா சுருட்டினாளா, படியில் எப்படி இறங்கினாள், ஒன்றும் நினைவில்லை.

பாலின் ஓரத்தில் சின்னச் சின்னதாகக் குமிழ் கட்டத் தொடங்கியது. இன்னும் நேரம் இருக்கிறது. சிம்மில் வை கண்ணு. சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தால் அதிகாரமாகக் கேட்டது. மூன்றாவது தடவை சொன்னபோது செத்துப்போன தன் மாமியாரின் குரல் மாதிரியே இருந்தது. இவள் திரும்பிப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், படித்த பெண், முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள், குறைத்து வைப்பாள், அறைக்குள் போய் அவனிடம் சொல்வாள், வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டாங்க என்று. அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சறோம்மா என்று தரணி வந்து நிற்பான். பால் காய்ச்சுவது என்ற பேச்சே அவளுக்கு இப்போதெல்லாம் ஆகாது. ஊரார் புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டால் ஒரு எவர்சில்வர் தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு சிரித்த முகமாகப் போகிறவள்தான். பெரியவன் சந்திரசேகர் அப்படித்தான் சொன்னான், இதே சமையலறையில், தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சறோம்மா, பெருந்துறை ரோட்டுல வீடு. யாருக்குடா என்று கேட்டாள் பைத்தியக்காரி. யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

என்ன செய்துவிட்டாள் பெரிய மருமகளை. அடித்தாளா, சோறு போடாமல் விட்டாளா. ஒரே ஒரு சொல் சொன்னாள், இருக்கட்டும் என்று. கோகிலவாணி வந்த புதிதில் கத்தரிக்காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள், இருக்கட்டும் கண்ணு. தேய்க்கப் போட்ட பாத்திரத்தில் கை வைத்தாள், இருக்கட்டும் கண்ணு. அம்மா வீட்டுச் சீரில் வந்த தோசைக்கல்லை எடுத்து வரட்டுமா என்று கேட்டாள், அது பத்திரமா அப்படியே இருக்கட்டும் கண்ணு. புதுப்பெண்ணாயிற்றே, கை நோகுமே, உட்காரட்டுமே, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், வேறு அர்த்தம் சத்தியமாக இல்லை. அந்தச் சொல்லுக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள் தெரியுமா. ஜுரத்தோடு மாவாட்டிய நாளில், பிரசவத்துக்கு முந்தின நாள்கூடத் தண்ணீர் சேந்திய நாளில், மாமியார் என்கிற அந்தப் பிறவி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இருக்கட்டும் விடு என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். எனக்கு ஒரு மருமகள் வந்தால் அந்தச் சொல்லை வாய் நிறையக் கொடுப்பேன் என்று அம்மிக்கல்லின்மேல் கை வைத்துக்கொண்டு நினைத்தவள். கொடுத்தாள், வள்ளல் மாதிரி கொடுத்தாள். ஒரு காதுகுத்தில், பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், ஒன்றுவிட்ட நாத்தனார் பக்கத்தில் வந்து நின்று, உன் மருமகளுக்கு உன் வீட்டுல அடுப்புக்கூடக் கிடையாதாமா என்றாள். எதத் தொட்டாலும் இருக்கட்டும் இருக்கட்டும்ங்கறாங்க, நான் என்ன விருந்தாளியா, இல்ல தீண்டக் கூடாதவளா என்று கோகிலவாணி சொல்லி அழுதாளாம். கையில் சோப்பு, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, தெய்வானை அப்படியே நின்றாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது, இந்தக் கதையில் தான் யார் என்பது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள், இவள் உடைத்தது என்னவென்றுகூட அவளுக்கே தெரியாமல் இருந்தது.

போனில் அந்தக் கதைகள் அகப்பட்டது அதற்குப் பிறகு. முருங்கைக்கீரைக்கு எதையோ தேடப் போய் நடுவில் ஒரு பொம்மைப் படம், பட்டுச்சேலையும் கோபக் கண்ணுமாக ஒரு பெண், கண் விழித்தேன், நானே வில்லியாக இருந்தேன் என்று கீழே எழுத்து. அடி பாவி, எனக்கும் அப்படித்தானே என்று நினைத்து அழுத்தினாள். அழுத்தியவள்தான். மத்தியானம் வேலை முடிந்து ஃபேனுக்கு அடியில் படுத்தால் மரகதவாணி கூட வந்துவிடுவாள். மரகதவாணி ஜமீன் வீட்டுப் பெண், பணக்காரி, கொடுமைக்காரி, நல்லவளுக்கு விஷம் வைப்பவள், கடைசியில் ஊரே கூடித் துரத்தக் கிணற்றில் விழுந்து சாகிறவள். ஆனால் அவள் உடம்புக்குள் இப்போது இருப்பது அவள் இல்லை. சென்னையில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்த ஒரு ஆபீஸ் பெண். அந்தக் கதையை ஏற்கெனவே படித்தவள், முடிவு தெரிந்தவள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா, ராஜகுமாரனை மயக்கவில்லை, நல்லவளிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு எதுவுமே வேண்டாம் சாமி என்று மலைமேல் இருக்கிற பழைய தோட்ட வீட்டுக்குப் போய்க் கேரட் போட்டாள். தெய்வானைக்கு அந்தக் கேரட் அத்தியாயங்கள்தான் உயிர். விதை ஊன்றுவாள், ஆடு மேய்ப்பாள், கஞ்சி காய்ச்சுவாள், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். ஒருத்தரும் வந்து நீ இப்படிச் செய்தாயே அப்படிச் சொன்னாயே என்று கேட்க மாட்டார்கள். செய்தது பழைய மரகதவாணி, இவள் இல்லை, இவளுக்கு வந்தது கெட்ட பெயர் மட்டும்தான், வாடகைக்கு வந்த வீட்டில் பழைய ஆள் அடித்த ஆணி மாதிரி. எவ்வளவு சுகம். தப்பைக் கழுவவும் வேண்டாம், தப்பு இல்லையென்று நிரூபிக்கவும் வேண்டாம், பிறவியே மாறிவிட்டது, போய்யா. ஆனாலும் அந்தக் கதைக்காரி சும்மா விடுகிறாளா. இவள் மலையில் பேசாமல் இருக்க இருக்க, கீழே அரண்மனையில், மரகதவாணி இத்தனை அமைதியாக இருக்கிறாளே, என்ன சதியோ என்று ராணிக்குத் தூக்கம் போய்விடும். குதிரை ஏறி ஆள் வரும். அந்த இடம் வந்தால் தெய்வானைக்குக் கோபம் வரும். அவளை விடுங்களேன், அவள் ஒன்றும் பண்ணவில்லையே என்று போனிடமே சொல்வாள்.

பாலில் ஆவி கிளம்பிவிட்டது. ஆடை மெல்லிசாக விரிந்து நடுவில் சுருக்கம் விழுந்தது. இந்துஜா விரலால் போனை மேலே தள்ளினாள், ஏதோ படம், சுவர், ஜன்னல், வெள்ளை டைல்ஸ். அந்த வீடுதான். வேறென்ன. அந்த வீட்டுப் படத்தைத்தான் பார்க்கிறாள், எங்கே அலமாரி வைக்கலாம் என்று யோசிக்கிறாள். தெய்வானைக்குக் கண் எரிந்தது. இந்தத் தடவை என்ன தப்புச் செய்தேன். ஒன்றுமே செய்யவில்லையே. நுணலும் தன் வாயால் கெடும் என்று இந்துஜாவின் கல்யாணத்துக்கு முந்தின நாளே வாய்க்குப் பூட்டுப் போட்டவள். இருக்கட்டும் என்ற சொல்லை இந்த வீட்டிலேயே இல்லாமல் ஒழித்தாள், தரணி இன்னொரு தோசை வேண்டாம் என்று சொல்லும்போதுகூட அவன் வாயில் அது வந்தால் இவளுக்குப் பகீரென்றிருக்கும். பெரியவளுக்கு எதையும் விடவில்லை என்றுதானே பேச்சு வந்தது, இவளுக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கட்டுங்க அத்தை என்றால், உன் இஷ்டம் கண்ணு. திரைச்சீலை என்ன நிறத்துல வாங்கட்டும் என்றால், உன் இஷ்டம். தீபாவளிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுங்களா என்றால், அதெல்லாம் உன் இஷ்டம். எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை. இதைக் கேட்க அவள் காலத்தில் யாருக்குக் கொடுத்து வைத்தது. ஒரு நாள் சாதம் குழைந்தது, அவள் குழைந்த சாதத்தைத் தேனாகச் சாப்பிட்டாள். ஒரு நாள் இந்துஜா கேஸை மூடாமல் வெளியே போய்விட்டாள், தெய்வானை பின்னாலேயே போய் மூடிவிட்டு வந்து மூச்சு விடவில்லை. அந்தப் பெண் எதிரே வந்தால் சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கேரட் தோட்டத்துக்குள் புகுந்துகொண்டாள். ஆறு மாசமாக இந்த வீட்டில் ஒரு சத்தம் உண்டா, கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். அப்புறம் ஏன் வீடு பார்க்கிறார்கள்.

சிம்மில் வை கண்ணு. இப்போதாவது சொல். பால் சுவரைப் பிடித்து ஏறத் தொடங்கியாயிற்று. சொன்னால் மாமியார். சொல்லாமல் நின்று பார்த்தாலும் மாமியார்தான், பொங்கட்டும் என்று வேடிக்கை பார்த்தாள் என்பார்கள். நைசாக நழுவிப் போய்விடலாமா, காலை எடுத்தால் கொலுசு இல்லாத காலும் சத்தம் போடும்போல் இருந்தது. சொம்பை ஓங்கிக் கீழே போட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாள், அதையும் கோபத்தில் போட்டதாகச் சொல்லிவிட்டால். அந்த நேரத்தில் போய், அந்தப் பழைய மரகதவாணி எங்கே போனாள் என்று ஒரு நினைப்பு வந்து முள்ளாகத் தைத்தது. ஆபீஸ் பெண் உள்ளே வந்தாள் சரி, அதுவரை அந்த உடம்பில் இருந்தவள் எங்கே. ஒரு அத்தியாயத்திலும் இல்லை. அவளுக்காக ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கெட்டவள், ஒழிந்தாள், அவ்வளவுதான். அவள் பக்கத்துக் கதையை யார் கேட்டார்கள். அவளும் என்னமோ நல்லதாக நினைத்து ஏதோ ஒரு சொல்லைத்தான் சொல்லித் தொலைத்தாளோ என்னமோ. தெய்வானைக்கு யாருக்கென்று தெரியாமல் அழுகை முட்டியது. மலையும் வேண்டாம் கேரட்டும் வேண்டாம், எனக்கு இந்த அடுப்படியில் இரண்டு பேர் பேசுகிற சத்தம் வேண்டும், சாயந்தரம் ஆனால் செருப்புக் கழற்றுகிற சத்தம் வேண்டும், இவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் மிக்ஸியை யாருக்காகப் போடுவேன். கேட்க முடியுமா அதை. கேட்டால் பிடித்து வைக்கிறாள் என்பார்கள். ஆடை நடுவில் மேடு கட்டியது. மேடு உயர்ந்தது. கண்ணு என்று வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. பால் விளிம்பைத் தாண்டி அடுப்பின்மேல் இறங்கிச் சுர்ரென்றது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். இந்துஜா வெறுங்கையால் பாத்திரத்தைப் பிடித்து, சுட்டு, விட்டாள். தெய்வானை கேஸை அணைத்தாள். தீய்ந்த பால் நெடி மூக்கில் ஏறியது. மேடையில் ஓடிய பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அந்தப் பெண் விரலை வாயில் வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், திரும்ப இவளைப் பார்த்தாள்.

"நீங்க அங்கயேதானுங்க நின்னுட்டு இருந்தீங்க?"

தெய்வானை கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள்.

"பொங்கறதைப் பாத்துட்டே நின்னீங்களா அத்தை? ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

வந்துவிட்டது. இதுதான் அந்தக் கிணறு. எந்த வழியாகப் போனாலும் கிணற்றடிக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. "நீ ஏதாச்சும் நெனச்சுக்குவியேன்னு..." என்றாள்.

"எங்கம்மாவா இருந்தா இந்நேரம் தெருவே கேக்கற மாதிரி திட்டியிருப்பாங்க." இந்துஜாவின் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தாள் தெய்வானை, கண் நிறைந்த பிறகுதான் கோபம் இல்லை என்று தெரிந்தது. "வந்ததுல இருந்து பாக்கறேன். எதைக் கேட்டாலும் உன் இஷ்டம், உன் இஷ்டம். எங்கம்மாவுக்கு எம்மேல ஆகாத கோவம் வந்தாத்தானுங்க அப்படிச் சொல்லுவாங்க. அப்புறம் மூணு நாளைக்கு மூஞ்சி குடுக்க மாட்டாங்க. இங்க ஆறு மாசமா அப்படியே இருக்குது. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியவே இல்லீங்க. சிரிச்சுட்டே உள்ள போயிடறீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க அத்தை. அதனாலதான் நானே அவர்கிட்ட தனியா வீடு பாக்கச் சொன்னேன்."

தெய்வானை மேடையைப் பிடித்துக்கொண்டாள். சூடு கையில் ஏறியது, எடுக்கத் தோன்றவில்லை. பயமா. என்னைப் பார்த்தா. நான்தானே உன்னைப் பார்த்துப் பயந்து செத்துக்கொண்டிருந்தேன் பைத்தியமே, புளி எவ்வளவு என்று சொன்னால் குற்றமாகுமே என்று புளியைக்கூட விழுங்கினேனே. உன் இஷ்டம் என்றால் உன் இஷ்டம்தானே, அதில் என்ன, ஆனால் அவள் வாயால் கேட்டபோது, அந்தப் பெண்ணின் குரலில் கேட்டபோது, ஐயோ, அது அப்படித்தான் கேட்கிறது. எப்படியாவது போ, எனக்கென்ன என்று கேட்கிறது. அதை நாளுக்கு நாலு தடவை இந்தப் பிள்ளை காதில் ஊற்றியிருக்கிறாள், தேன் என்று நினைத்துக்கொண்டு.

"அந்த வீட்டு ஓனருக்கு நாளைக்குப் பதில் சொல்லோணும்ங்க." இந்துஜா கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "நாங்க போகட்டுங்களா, வேண்டாங்களா? உங்க வாயால சொல்லிடுங்க."

பழக்க தோஷம், அந்த இரண்டு சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. தெய்வானை பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள். வேறு சொல் என்ன இருக்கிறது, தேடினாள், அன்பான சொல் ஒன்று, அவள் மனம் கோணாத சொல் ஒன்று, எதுவும் அகப்படவில்லை, அகப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அது அதட்டலாக வெளியே விழுந்தது.

"போகக் கூடாது."

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அசல் மாமியார் குரல். செத்தவள் எழுந்து வந்து சொன்னாலும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். முடிந்தது, இனி எந்தப் பிறவியிலும் மீட்சி இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்க மனமில்லாமல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இந்துஜாவிடமிருந்து பெருமூச்சு ஒன்று, ரொம்ப நேரமாக அடைத்து வைத்ததைப்போல் வந்தது.

"சரிங்க அத்தை" என்றாள். மேடையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அடுப்புத் தொடைக்கற துணி எங்க வெச்சிருக்கீங்க? வந்ததுல இருந்து எனக்குத் தெரியாதுங்க. கேக்கப் பயந்துட்டு என்ற துப்பட்டாவுலதான் தொடச்சுட்டு இருந்தேன்."

தெய்வானை கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"சிங்க்குக்குக் கீழ, இடது கைப்பக்கம்" என்றாள். "நல்லாப் புழிஞ்சுட்டுத் தொடை."